புடவை கட்டிய புத்தகங்கள்

விக்ரம் சேத்தின் முதல் புத்தகத்தைப் போட்டது யார் தெரியுமா? லண்டன், நியூயார்க் என்றெல்லாம் போக வேண்டாம். தென் கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் என்று ஒரு குடியிருப்புப் பகுதி. அங்கே ஒரு பேராசிரியர் வீடு. வந்து குவியும் கவிதைக் கட்டுகளைப் படிக்க ஓர் ஆசிரியர், பிழை திருத்த ஒருவர், அட்டைக்குத் தலைப்பு எழுத ஒருவர், கவிஞர்களுக்குப் பதில் கடிதம் போட ஒருவர் என்று ஒரு பதிப்பகத்துக்கு வேண்டிய ஆட்கள் எல்லாரும் அந்த வீட்டில் இருந்தார்கள். என்ன, அத்தனை பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பெயர். புருஷோத்தம லால், சுருக்கமாக பி. லால்!

பதிப்பகத்தின் பெயர் ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப். 1958-இல் சில எழுத்தாள நண்பர்கள் கூடித் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் அனிதா தேசாயும் உண்டு. நண்பர்கள் கூடி எதையாவது தொடங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், கடைசியில் ஒரு அப்பாவி மட்டும் சுமப்பார். இங்கே சுமந்தவர் லால். ஆனால் அவர் சுமந்த விதத்தைப் பார்த்தால் பாரம் என்றே தோன்றவில்லை, ஐம்பது வருடத் திருவிழாபோல் இருக்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். திரும்பச் சொல்கிறேன், மூவாயிரம்!

யார் யார் வந்து போனார்கள் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. 1960-இல் நிசிம் எசக்கியல். 1962-இல் ஆதில் ஜஸ்ஸாவாலாவின் முதல் தொகுப்பு. 1967-இல் கமலா தாஸ், அதாவது மலையாளத்தின் மாதவிக்குட்டி. 1970-இல் கேக்கி தாருவாலா என்கிற போலீஸ் அதிகாரியின் முதல் தொகுப்பு. காக்கிச் சட்டைக்குள்ளிருந்து வந்த கவிதைகளை நம்பி அச்சேற்றியது இந்த வீடுதான். 1971-இல் கட்டாக்கிலிருந்து ஓர் இயற்பியல் வாத்தியார், ஜயந்த மகாபாத்ரா; பத்து வருடம் கழித்து இந்திய ஆங்கிலக் கவிதைக்கு முதல் சாகித்ய அகாதெமி விருதை வாங்கியவர். 1972-இல் காஷ்மீரத்து ஆகா ஷாஹித் அலியின் முதல் தொகுப்பு. 1976-இல் மீனா அலெக்சாண்டர். 1980 வாக்கில் நம் விக்ரம் சேத். பெரிய பதிப்பாளர்கள் கவிதை என்றால் மேசையைச் சுத்தம் செய்வதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த காலத்தில், இவர்களுக்கெல்லாம் ஒரு கதவு திறந்திருந்தது. கதவைத் திறந்தவரே பிழையும் திருத்தினார்.

சரி, உள்ளே போவோம். எனக்கு இந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது பேனா. லால் அழகெழுத்துக்காரர். புத்தகத் தலைப்புகளை மையூற்றுப் பேனாவால் தானே எழுதுவார். கொக்கியும் சுழியுமாக, கொஞ்சம் சாய்ந்து, கல்யாணப் பத்திரிகையின் மிடுக்கோடு நிற்கும் எழுத்துகள். ஒரே கை எழுதியதால், எந்த அலமாரியில் எத்தனை புத்தகங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தாலும் ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப் புத்தகத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். வடிவமைப்பு நிறுவனங்கள் லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு உண்டாக்கித் தரும் ‘அடையாளம்’ இங்கே ஒரு மைப்புட்டியில் கிடைத்தது.

அடுத்து அச்சகம். அதுவும் லேக் கார்டன்ஸிலேயே. கையால் கோத்த ஈய எழுத்து, கையால் இயக்கும் இந்திய இயந்திரம். உலகம் ஆஃப்செட்டுக்கு மாறி, பிறகு கணினிக்கும் மாறிய பின்னும் இவர்கள் ஈயத்தை விடவில்லை. கவிதையை ஈயத்தில் கோப்பது என்றால் என்ன என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எழுத்து கோக்கும் கம்போசிட்டரின் கையில் ஸ்டிக் என்கிற கோக்கும் தட்டு. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல், தலைகீழாக நிற்கும். உரைநடை என்றால் வரி முழுக்க எழுத்து நிரம்பிவிடும். கவிதையிலோ வரி பாதியில் நின்றுவிடும். படிக்கிற நமக்கு அது வெற்றிடம், மௌனம், பெருமூச்சு. கம்போசிட்டருக்கு அப்படி இல்லை. அங்கேயும் ஈயம் வேண்டும்! இல்லாவிட்டால் கோத்த பக்கங்களை, அதாவது ‘பாரத்தை’, சட்டத்தில் பூட்டும்போது எழுத்தெல்லாம் சரிந்துவிடும். அதனால் அச்சாகாத வெற்றுக் கட்டைகளை, ‘குவாட்’ என்பார்கள், ஒவ்வொன்றாக வைத்து மௌனத்தை அடைக்க வேண்டும். நவீன கவிஞர் ஒருவர் மூட் வந்து வரிகளைப் படிக்கட்டாக உடைத்து வைத்திருந்தால், அன்றைக்கு அந்தக் கம்போசிட்டர் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. சின்ன அச்சகத்தில் எழுத்து கொஞ்சம்தான் இருக்கும். ஒரு பாரம் அச்சானதும் கோத்ததைக் கலைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பாரம். புத்தகம் கையில் வரும்போது, அதை உண்டாக்கிய எழுத்துகள் வேறு யாருடைய காதல் தோல்வியையோ கோத்துக்கொண்டிருக்கும். ‘மறுபதிப்புப் போடலாமே’ என்று கவிஞர் கேட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி கோக்க வேண்டும். கைத்தொழில் அச்சின் கவிதைப் புத்தகங்கள் சில நூறு பிரதிகளோடு நின்றுபோவதற்கு வாசகர்களின் அலட்சியம் மட்டுமே காரணம் அல்ல.

இப்போது வருகிறது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த இடம். அட்டை! காலிகோ கிடையாது, ரெக்ஸின் கிடையாது. கைத்தறிப் புடவைத் துணி! ஒரிசாவில் நெய்த புடவைகளை வாங்கி, வெட்டி, அட்டைமேல் ஒட்டி, பொன்னெழுத்தில் தலைப்புப் பதித்துவிடுவார்கள். கரையும் புட்டாவுமாகப் புத்தகம் கையில் வந்து உட்காரும். ஒரே புடவையின் உடல் ஒரு பிரதிக்கும் கரை இன்னொரு பிரதிக்கும் போயிருக்கலாம் என்பதால், ஒரே தலைப்பின் இரண்டு பிரதிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. இதைத் தடவிப் பார்க்காமல் படிக்க ஆரம்பிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அந்தப் புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் கவிதைப் பக்கம்கூட இல்லை, உரிமைப் பக்கம். டைம்ஸ் ரோமன் எழுத்தில் கையால் கோத்தது, இந்தியத் தயாரிப்பு இயந்திரத்தில் இந்தியக் காகிதத்தில் அச்சிட்டது என்று வரிசையாகச் சொல்லி, அச்சிட்டவர் பெயரைப் போடுவார்கள். அதோடு விடாமல், தைத்து, ஒட்டி, துணி போர்த்திக் கட்டியவர் பெயரையும் போடுவார்கள். பைண்டரின் பெயர்! நம் வீட்டு அலமாரியில் எத்தனை புத்தகத்தில் பைண்டர் பெயர் இருக்கிறது, எழுந்துபோய்ப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இத்தனையும் நடந்துகொண்டிருக்கையில் லாலுக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. பார்க் தெருவிலிருக்கும் செயின்ட் சேவியர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். தான் படித்த கல்லூரியிலேயே 40 ஆண்டுகளுக்கு மேல். இடையிடையே வருகைப் பேராசிரியராக ஹாஃப்ஸ்ட்ரா முதலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் போய்வந்தார். வகுப்பறையும் பதிப்பகமும் இவருக்குத் தனித்தனி உலகமாக இருந்திருக்க முடியாது. பையன்களின் கட்டுரையைத் திருத்திய சிவப்பு மை காய்வதற்குள் அடுத்த கவிஞரின் கட்டைப் பிரிக்கிறவருக்கு, இரண்டும் ஒரே வேலைதான்: முதல்முதலாக எழுதுகிறவரின் தாளை முழுசாகப் படித்து, ஒரு பதில் சொல்வது. பேராசிரியராகச் சம்பாதித்ததில் ஒரு பகுதி இந்தப் பதிப்பகத்துக்குள்தான் போயிருக்கிறது. அவரும் கவிஞர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 1960-இல் கிளியின் மரணத்தைத் தலைப்பாக வைத்த ஒரு தொகுப்பு, 1977-இல் கல்கத்தாவைப் பற்றி ஒரு நெடுங்கவிதை என்று எழுதிக்கொண்டே இருந்தார். வேடிக்கை என்னவென்றால், 1950-களின் இறுதியில் ராகவேந்திர ராவோடு சேர்ந்து, அரவிந்தர் பாணி அலங்காரம் போதும், இனிக் கண்ணால் பார்த்ததை நேராக எழுதுவோம் என்று முழங்கியவர் இவர். ஆனால் இவருடைய சொந்தக் கவிதைகளில் தேன் கொஞ்சம் தூக்கல் என்றே நான் சொல்வேன். பிறர் கவிதைக்கு அட்டை போட்ட கையைத்தான் வரலாறு பெரிதாக நினைவில் வைத்திருக்கிறது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

சண்டை இல்லாமல் கல்கத்தாவா? 1963-இல் ஸ்டீபன் ஸ்பெண்டரும் டொனால்ட் ஹாலும் தொகுத்த ஆங்கிலக் கவிதைக் கலைக்களஞ்சியம் வந்தது. அதில் இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கவிதை பற்றிய கட்டுரை புத்ததேவ போஸுடையது. இந்தச் சந்து எங்கேயும் போய்ச் சேராது, இரண்டு பக்கமும் அலங்காரச் சாமான் கடைகள்தான் என்ற பொருளில் அவர் எழுதிவைத்துவிட்டார். லால் கோபித்துக்கொண்டு பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் போட்டிருக்கலாம். அவர் செய்தது அதைவிட ரசமான காரியம். போஸ் சொன்னதையே கேள்வியாக்கி நாட்டிலுள்ள ஆங்கிலக் கவிஞர்களுக்கெல்லாம் அனுப்பினார்: ஏன் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள், இதற்கு என்ன சொல்கிறீர்கள்? வந்த பதில்களையும் கவிதைகளையும் சேர்த்து 1969-இல் ஒரு தலையணை தயாரித்தார். 130-க்கும் மேற்பட்ட கவிஞர்கள்! முட்டுச்சந்து என்றாரே, அதில் எவ்வளவு கூட்டம் பாருங்கள் என்கிற மாதிரி. அவ்வளவு பேரும் தேறுவார்களா என்று கேட்காதீர்கள். தேறமாட்டார்கள். லாலுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

இந்தச் சண்டையில் என்னைக் குதூகலப்படுத்துவது வேறு ஒன்று. லாலை அந்த அளவு உசுப்பிவிட்ட புத்ததேவ போஸ் யார்? அவரும் கவிஞர். அவரும் பேராசிரியர்; ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956-இல் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கியவர். அவரும் தென் கல்கத்தாவில், ராஷ்பிகாரி அவென்யூவில் இருந்த தன் வீட்டையே பதிப்பகமாக்கிக் கொண்டவர்! அந்த வீட்டுக்கே ‘கவிதா பவன்’ என்று பெயர். 1935 முதல் ‘கவிதா’ என்ற பத்திரிகை நடத்தினார். 1940-களில் ‘பைசாவுக்கு ஒன்று’ என்று ஒரு வரிசை போட்டார். பதினாறு பக்கம், பதினாறு கவிதை, விலை நாலணா. பழைய கணக்கில் நாலணா என்றால் 16 பைசா. ஆக, கவிதை ஒன்றுக்குச் சரியாக ஒரு பைசா! கணக்கு எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள். ஜீவனானந்த தாஸின் ‘பனலதா சென்’, இன்றைக்கும் வங்காளிகள் உருகுகிற அந்தப் புத்தகம், 1942-இல் முதலில் இந்த நாலணா வரிசையில்தான் வந்தது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே பைத்தியம். மொழி மட்டும் வேறு. அதற்குப் போய் இருவருக்கும் ஆகவில்லை.

நமக்கும் இந்த வீட்டில் ஒரு பங்கு உண்டு. 1962-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது அகப்படுமா என்று துழாவிக்கொண்டிருந்தார் ஏ.கே. ராமானுஜன். கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு. மைசூரில் வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய மனிதருக்குக் கடல் கடந்து ஒரு நிலவறையில் சங்கக் கவிதை அறிமுகமாகிறது. அவர் மொழிபெயர்த்த குறுந்தொகைக் கவிதைகளின் புகழ்பெற்ற தொகுப்பை 1967-இல் இந்தியானா பல்கலைக்கழகம் வெளியிட்டது என்பது பலருக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1965-இல், அவற்றில் பதினைந்து கவிதைகளை ஒரு சிறு நூலாகப் போட்டுவிட்டது யார்? லேக் கார்டன்ஸ் பேராசிரியர்தான்! நம் தலைவியும் தோழியும் உலகத்தை வலம்வரக் கிளம்பியபோது கல்கத்தாவில் இறங்கி, லால் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

லால் தொடங்கிய சில மாதங்களில், 1959 ஜனவரியில், இங்கே சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செல்லப்பாவுக்குப் பேராசிரியர் சம்பளம் இல்லை. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். கவிஞர், வாத்தியார், பதிப்பாளர் மூன்றும் ஒரே ஆளாக இருந்த நம்மூர்க்காரர் என்றால் சிவகங்கை மீரா. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே அன்னம் பதிப்பகத்தை நடத்தினார். தலைநகரத்தில் இல்லாமல் ஒரு சிறுநகரத்திலிருந்து நல்ல புத்தகம் போட முடியும் என்று காட்டியவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

காசு விஷயத்துக்கு வருவோம், அதை மறைத்தால் இந்த எட்டிப் பார்ப்பு பாதியில் நின்றுபோகும். லாலின் ஏற்பாடு இதுதான்: புத்தகம் போடுகிறேன், ஆசிரியர் நூறு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதை வைத்து அவரை நிறையப் பேர் கிண்டல் செய்தார்கள். காசு கொடுத்தால் யாருக்கும் கவிஞர் பட்டம் என்றார்கள். அந்தக் கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. மூவாயிரம் தலைப்புகளில் சுமாரான கவிதை, சுமாருக்கும் கீழான கவிதை எல்லாம் உண்டு. புடவை மட்டும் நன்றாக இருக்கிற புத்தகங்கள் உண்டு. ஆனால் தமிழ்க் கவிஞர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் தொகுப்புக்குக் கைக்காசு போடாதவர் எத்தனை பேர் என்று. மனைவியின் வளையல், சேமநல நிதிக் கடன் என்று கதை கதையாகச் சொல்வார்கள். அதிலும் சிலர் ஏமாந்திருக்கிறார்கள். காசும் போய், முந்நூறு பிரதி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். லாலிடம் காசு கொடுத்தவருக்கு, கையால் கோத்து, பேராசிரியர் ஒருவர் வரி வரியாகப் படித்து, ஆயுளுக்கும் நிற்கிற தையலோடு ஒரு பொருள் கிடைத்தது. விளம்பரமும் இல்லை, ஆரவாரமான வெளியீட்டு விழாவும் இல்லை. என் கட்சி லால் கட்சி. ஒரு ஆகா ஷாஹித் அலி உள்ளே வருவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றால், கூடவே நூறு சுமார் ஆசாமிகளும் வரத்தான் செய்வார்கள். எவர் எது ஆவார் என்று இருபது வயதில் யாருக்குத் தெரியும்?

இவ்வளவும் செய்த மனிதருக்கு நேரம் மிஞ்சியிருக்குமா? மிஞ்சியிருக்கிறதே! 1960-களின் இறுதியில் மகாபாரதத்தை எடுத்துக்கொண்டார். சுருக்கம் இல்லை, கதைச் சாரம் இல்லை. சுலோகம் சுலோகமாக ஆங்கிலத்தில், மாதாந்திரச் சிறு பகுதிகளாக வெளியிட ஆரம்பித்தார். லட்சம் சுலோகம் என்று சொல்கிற காவியம்! அது போதாதென்று 1999-இல் இன்னொன்று தொடங்கினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கல்கத்தாவில் ஒரு நூலக அரங்கில் உட்கார்ந்து, தன் மகாபாரதத்தை முதலிலிருந்து ஒரு மணி நேரம் வாய்விட்டு வாசிப்பது. மணிக்கு இருநூறு சுலோகம் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் ஐந்நூறு ஞாயிறு ஆகும். ஒன்பதரை வருடம். இதைத் தொடங்கும்போது அவருக்கு வயது 70! நம்மில் பலர் அந்த வயதில் இன்னொரு தவணைச் சேமிப்புத் திட்டத்தில் சேரவே தயங்குவோம்.

வேலைகள் எல்லாவற்றையும் அவர் தனியாகச் செய்தார் என்று சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. வீடு கூடவே நின்றது. 1955-இல் அவர் மணந்த சியாமஸ்ரீ தேவி, வரலாற்றாசிரியர் காளிதாஸ் நாகின் மகள்; ‘பிரபாசி’, ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழ்களை நடத்திய ராமானந்த சட்டர்ஜியின் பேத்தி. கபூர்தலாவில் பிறந்த பஞ்சாபி ஒருவர் வங்காளத்தின் மிகப் பெரிய பத்திரிகைக் குடும்பத்துக்கு மருமகனாகிப் பதிப்புத் தொழிலில் இறங்கினார். வீடு முழுக்கப் புரூப் தாள் பரந்துகிடந்தாலும் முகம் சுளிக்காத வீடு அவருக்கு அமைந்தது தற்செயல் அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

1970-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

லால் 2010 நவம்பர் 3 அன்று, தன் 81-ஆம் வயதில் கல்கத்தாவில் காலமானார். பதிப்பகம் அவரோடு முடிந்துவிடவில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த மகன் ஆனந்த லால் பொறுப்பேற்றுக்கொண்டார். அவரும் வாத்தியார்தான், கவனித்தீர்களா!

கல்கத்தா கல்லூரித் தெருவுக்கோ, எந்த ஊர்ப் பழைய புத்தகக் கடைக்கோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைத்தறி அட்டையும் சாய்ந்த பொன்னெழுத்துமாக ஒல்லியான ஆங்கிலக் கவிதைப் புத்தகம் கண்ணில் பட்டால், கவிஞர் பெயர் தெரியாதவராக இருந்தாலும் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். கவிதை எப்படி இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை. உரிமைப் பக்கத்தில் பைண்டர் பெயரை மட்டும் மறக்காமல் படியுங்கள்.